ஒன்பது சிடியில் இருந்த உன் மெயில்கள்

திருச்செங்கோடு,
23.3.2025

அன்புள்ள அம்மிணி சுகன்யாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் வயதுக்குத் தக்கபடி நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளை இளவழகனும் பேத்தி மோனிஷாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மலைமேல் இருக்கிற அர்த்தநாரீஸ்வரர் பார்த்துக்கொள்ளட்டும். பங்குனி பாதி ஆவதற்குள் வெயில் மண்டையைப் பிளக்கிறது. அம்மாவுக்கு இடது முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, எண்ணெய் போட்டுக்கொள்கிறாள், டாக்டரிடம் வா என்றால் அடுத்த வாரம் என்கிறாள், அந்த அடுத்த வாரம் தீபாவளியிலிருந்து வரவில்லை. எனக்கு உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், எனக்குச் சரியென்று பட்ட அளவுக்குக் குறைத்திருக்கிறேன். எருமப்பட்டியில் உன் அத்தை மகன் காளிதாஸ் மாடி எடுத்துக் கட்டிவிட்டான், புதுமனை புகுவிழாவுக்கு நீ போனில்கூடக் கூப்பிடவில்லை என்று அவனுக்கு வருத்தம், ஒரு வார்த்தை பேசிவிடு. மோனிஷா பன்னிரண்டாவது படிக்கிறாள், படிப்பை அவள் போக்கில் விடு, நீ படித்த காலத்தில் நான் நின்ற மாதிரி அவள் தலைமாட்டில் நிற்காதே.

இந்தக் கடிதத்தோடு ஒரு பென்டிரைவும் வரும். அது என்ன, ஏன் வருகிறது என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். பொங்கலன்று நீ போனில் பேசியபோது, மூலையில் இருக்கிற அந்தப் பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடுங்கப்பா என்றாய். அதில் உன் மெயில் எல்லாம் இருக்கிறது என்றேன். அதற்கு நீ சிரித்துக்கொண்டே, "என் மெயில் இருக்குமுங்க அப்பா, உங்க மெயில் இருக்காது, கல்யாணம் ஆன அந்த ரெண்டு வருசம் நீங்க எனக்கு ஒரு பதிலும் போடலீங்களே" என்றாய். சிரித்துக்கொண்டு சொன்னாலும் அது குற்றச்சாட்டுத்தான். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டேன் என்றேன். நீ சரிங்க சரிங்க என்று பேச்சை மோனிஷாவிடம் கொடுத்துவிட்டாய். எழுபத்து நான்கு வயதில் என்னைச் சரிங்க என்று ஒதுக்கிவிட்டால் நான் ஒதுங்குகிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். போனை வைத்ததும் உன் அம்மாவிடம், "அத்தனையும் எடுத்துக் காட்டுறேன் பாரு" என்றேன். அவள், "மொதல்ல சோத்தைத் தின்னுட்டுக் காட்டுங்க" என்றாள்.

அந்தக் கம்ப்யூட்டர் நீ வேலைக்கு ஆஸ்திரேலியா பெர்த்துக்குப் போன வருடம், 2004 ஆவணியில் வாங்கியது. உன்னைச் சேலம் ஜங்ஷனில் ரயில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது சூரமங்கலத்தில் ஒரு கடையில் நின்று வாங்கினேன். அம்மா ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள், உன்னை அனுப்பிய அழுகையும் நிற்கவில்லை, பெட்டியையும் விடவில்லை. போர்வெல் ரிக் ஆபீஸில் முதலாளி வாங்கிப் போட்ட மெஷினில் யாரும் சொல்லித்தராமல் நானே தட்டித் தட்டிப் பழகியவன், அதனால் வீட்டு மெஷினிலும் மெயில் புரோகிராமை நானே அமைத்தேன். அந்தக் காலத்தில் மெயில் பெட்டியில் கொஞ்சம்தான் இடம் கொடுப்பார்கள், நிரம்பினால் அடுத்தது வராது. ஆகவே மெயில் நம் கம்ப்யூட்டருக்கு இறங்கியதும் அங்கே அழிந்துவிடுகிற மாதிரி வைத்தேன். நீ அப்போது கம்பெனி மெயிலிலிருந்து எழுதினாய், அந்தக் கம்பெனியும் இன்று இல்லை. ஆக நீ எழுதியதும் நான் எழுதியதும் உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தன. அது அந்தக் கம்ப்யூட்டர் என்று நீ நினைத்தாய், அதுவும் இல்லை. அது என் பீரோவில் இருந்த ஒன்பது சிடி.

எங்கள் ஆபீஸ் வழக்கம் உனக்கு நினைவிருக்கும். ஆயுத பூஜைக்கு ரிக் வண்டி, கம்ப்ரசர், துளை போடுகிற ராடு, பிட்டு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். மறுநாள் விஜயதசமிக்குப் பழைய போர் ரிப்போர்ட்டை எல்லாம் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டுப் புது ஃபைலில் அடுத்து போர் போடப்போகிற முதல் பாயிண்ட்டை எழுதுவோம். பழையதும் புதியதும் கலக்கக் கூடாது. வீட்டிலும் அதையே செய்தேன். வருடா வருடம் விஜயதசமியன்று அந்த வருடத்து மெயிலை மொத்தமாகச் சிடியில் எழுதுவேன், எழுதியது சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை திறந்து பார்ப்பேன், பிறகு கம்ப்யூட்டரில் இருந்ததைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவேன். 2005 முதல் 2013 வரை ஒரு வருடம்கூடத் தவறவில்லை. எழுதிய சிடிக்கும் மூன்று பொட்டு வைத்துச் சாமி முன்னால் வைத்து எடுத்துத்தான் பீரோவில் வைப்பேன். பேனாவால் வருடம் எழுதிய பக்கத்தில் வைத்தால் எழுத்து அழிந்துவிடும் என்று, பளபளவென்று இருக்கிற பக்கத்தில் வைத்தேன். வண்டிக்கு முகத்தில்தானே வைக்கிறோம், சிடிக்கு அதுதான் முகம் என்று எனக்குப் பட்டது. இப்போதும் அதில் குற்றம் இல்லை என்றுதான் சொல்வேன், படிக்கிற பக்கம் அதுதான் என்று விற்றவன் சொல்லியிருக்க வேண்டும்.

பொங்கல் முடிந்த வாரம் பீரோவைத் திறந்தேன். பொட்டு காய்ந்து ஒட்டிப்போயிருந்தது. கம்ப்யூட்டரும் உயிர் பெறவில்லை, விசிறி மட்டும் ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. சரி, சிடியையாவது சுத்தம் செய்வோம் என்று முதல் சிடியை, 2005ஆம் வருடத்ததை, கிணற்றடிக் குழாயில் வைத்துத் தேங்காய் நாரால் தேய்த்தேன். சந்தனம் போய்விட்டது. கூடவே பளபளப்பும் போய்விட்டது. அம்மா எட்டிப் பார்த்து, "ஏனுங்க, ஈயப் பாத்திரமா அது?" என்றாள். அதையும் மற்ற எட்டையும் ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிற கோகிலவாணியிடம் போனேன். நாற்பது வயது இருக்கும், நெசவுக் குடும்பத்துப் பெண், கணவர் பவர்லூம் பார்க்கிறார், கடை இவளுடையது. இப்போது வருகிற கம்ப்யூட்டரில் சிடி போடுகிற இடமே கிடையாதாம், தனியாக ஒரு பெட்டி வைத்திருக்கிறாள். துண்டைப் பிரித்ததும் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "ஏனுங்கய்யா, கற்பூரம் காட்டுலீங்களா?" என்றாள். காட்டினேன் அம்மா, தூரத்திலிருந்து காட்டினேன் என்றேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள், நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

நாரால் தேய்த்ததைக் காட்டியபோது அவள் முகம் மாறிவிட்டது. "இத உட்டுருங்கய்யா, இது போச்சு. மத்ததுல கை வெக்காம எங்கிட்டக் கொண்டாந்தீங்களே, அதுவரைக்கும் புண்ணியம்" என்றாள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு சோப்புத் திரவம் விட்டு ஊறவைத்து, பழைய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராக ஒற்றித் துடைத்தாள். வட்டமாகத் துடைத்தால் கீறல் எழுத்தோடு எழுத்தாக ஓடிவிடுமாம், நேராகத் துடைத்தால் கீறல் விழுந்தாலும் அது தாண்டிப் படித்துக்கொள்ளுமாம். மஞ்சள் கறை போகவில்லை, ஆனால் கறை இருந்தாலும் படிக்கும் என்றாள். நாளைக்கு வாங்க என்று அவள் சொல்லியும் நான் போகாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொன்றும் உள்ளே போய் முனகும், நிற்கும், மறுபடி முனகும். ராடு பாறையில் இறங்கும்போது சத்தத்தை வைத்தே மண்ணா கல்லா என்று சொல்கிறவன் நான், அன்றைக்கு அந்தச் சின்னப் பெட்டியின் முனகலில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மூன்று நாள் போய் உட்கார்ந்தேன். எட்டும் படித்துவிட்டது. எல்லாவற்றையும் ஆன்லைனில் ஏற்றிவிடலாமுங்க என்றாள், வேண்டாம், என் கையில் இருக்கிற மாதிரி வேண்டும் என்றேன். அவள் பழைய ஃபைலைப் புது மெயில் புரோகிராம் படிக்கிற மாதிரி மாற்றித் தந்தாள், மாற்றுவது எப்படி என்று நான் நோட்டில் எழுதிக்கொண்டு, கடைசி மூன்று வருடத்தை நானே மாற்றினேன். ஒரு பிரதி புது லேப்டாப்பில், ஒரு பிரதி என் பென்டிரைவில், இன்னொன்று உனக்கு.

இனி நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். 2006 ஆடியில் நீ உன் கல்யாணத்தைச் சொல்லி எழுதிய மெயிலை மறுபடி படித்தேன். அங்கே குளிர் எப்படி, அறையை மாற்றியது எப்படி, வேலையில் யார் நல்லவர் என்று பதின்மூன்று வரி எழுதிவிட்டு, பதினான்காவது வரியில் தம்மம்பட்டி இளவழகனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டேன் என்று எழுதியிருக்கிறாய். மாப்பிள்ளை தங்கமானவர், அதில் எனக்கு இப்போது ஒரு சொல்லும் இல்லை. தம்மம்பட்டிக்கு இங்கிருந்து பஸ் இருக்கிறது, நேரில் வந்து கேட்டிருந்தால் நடந்தே போய்ப் பேசி முடித்திருப்பேன். பதினான்காவது வரியில் சொன்னது தப்பு. அன்றைக்கும் அதைத்தான் நினைத்தேன், இன்றைக்கும் மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

அந்த ஆடியிலிருந்து 2008 ஆடி வரை நீ எழுதியது தொண்ணூற்று நான்கு மெயில். நான் அனுப்பியதைத் தனியாக எடுத்து எண்ணினேன், அதுவும் தொண்ணூற்று நான்கு. ஒன்று குறையவில்லை. அம்மாவைக் கூப்பிட்டு லேப்டாப் முன்னால் உட்காரவைத்து, நல்லா எண்ணிக்கோ, இனிமேல் உன் மகளிடம் நீயே சொல் என்றேன். அவளுக்குத் தமிழ் படிக்க வரும், நாம் இங்கிலீஷ் எழுத்தில் எழுதிய தமிழ் வராது. "எண்ணி என்ன பண்றது, ஒண்ணைத் தொறந்து படிங்க, என்ன எழுதுனீங்கன்னு கேட்போம்" என்றாள். திறந்தேன். தகவல் கிடைத்தது, நன்றி, காளியண்ணன், மேனேஜர் என்று என் பெயரோடும் பதவியோடும் இருந்தது. அடுத்ததைத் திறந்தேன். தகவல் கிடைத்தது, நன்றி, காளியண்ணன், மேனேஜர். அம்மா, "அதே இதைத்தான படிச்சீங்க இப்ப" என்றாள். இல்லை, இது வேறு என்றேன். இருபது வரை திறந்தேன். அதற்கு மேல் அவள் முன்னால் திறக்கவில்லை, பிறகு தனியாக உட்கார்ந்து மீதியைத் திறந்து பார்த்துக்கொண்டேன்.

ஆபீஸில் அதுதான் பதில். சத்தீஸ்கரிலோ ராஜஸ்தானிலோ நிற்கிற ரிக்கிலிருந்து இத்தனாவது பாயிண்ட், இத்தனை அடி, இத்தனை அடியில் தண்ணீர் என்று மெயில் வரும். ஒரு மணி நேரத்துக்குள் தகவல் கிடைத்தது என்று போடவேண்டும், போட்டால்தான் பையன்கள் வண்டியை அடுத்த இடத்துக்கு எடுப்பார்கள். பதினைந்து வருடத்தில் என் பதில் வராமல் ஒரு வண்டி நின்றதில்லை. உன் மேல் இருந்த கோபத்தில் அந்த வார்த்தையை உனக்கும் போட்டிருக்கிறேன், போட்டதை மறந்து, பக்கம் பக்கமாக எழுதியதாக இத்தனை வருடமும் நினைத்திருந்திருக்கிறேன். நான் பக்கம் பக்கமாக எழுதியது நிஜம். அது நீ போன முதல் வருடம். அந்த வருடத்துச் சிடியைத்தான் நாரால் தேய்த்தேன். உன்னிடம் அது இல்லை, என்னிடமும் இல்லை. ஆக நான் எழுதினேன் என்பதற்கு இனி என் வாய் ஒன்றுதான் சாட்சி. நீ நம்பினால் நம்பு.

பிறகு அம்மா உன் மெயிலைப் படிக்கச் சொன்னாள். மத்தியானம் சாப்பிட்ட பிறகு தினம் ஐந்தாறு வீதம் படித்தேன், மூன்று வாரம் ஆயிற்று. அந்த இரண்டு வருடமும் அவள் வாசலில் நின்று என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்கும்போதெல்லாம், நல்லாருக்காளாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். போனிலும் நான் பக்கத்திலேயே நிற்பேன், நீ இரண்டு வார்த்தையில் வைத்துவிடுவாய். உன் முதல் மெயில்கள் முப்பது நாற்பது வரி இருக்கின்றன. கம்பெனி வேலையாகச் சோதனைக்குப் பாறைத் துண்டு எடுக்க லாரியில் நீ பாலைவனத்துக்குப் போனது, அங்கே செம்மண் நம் சங்ககிரிப் பக்கத்து மண் மாதிரியே இருந்தது, கொள்ளுப் பருப்பு எங்கேயும் கிடைக்காமல் குதிரைத் தீனி விற்கிற கடையில் வாங்கிக் கடைந்தது. அதற்கு அம்மா வாய்விட்டுச் சிரித்தாள், அடுத்த நிமிடம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் அந்தக் காலம் கண்முன்னால் வந்தது. நீ ஸ்கூல் விட்டு ஆபீஸுக்கு வந்து, என் மேஜைக்கு அடியில் போர் மண் பொட்டலங்களைப் பிரித்து, இது எத்தனாவது அடியப்பா என்று கேட்டுக்கொண்டிருப்பாயே, அதே மாதிரித்தான் மெயிலிலும் கேட்டிருக்கிறாய். நான் தகவல் கிடைத்தது என்றிருக்கிறேன். போகப் போக உன் மெயில் இருபது வரி ஆயிற்று, பத்து ஆயிற்று. தொண்ணூற்று நான்காவது, நாங்கள் நலம் என்று ஒரே வரி. வரிசையாக வைத்துப் பார்க்கும்போதுதான் அது தெரிகிறது, அன்றைக்குத் தனித்தனியாக வந்ததில் தெரியவில்லை.

முழுதும் படித்து முடித்த அன்று அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள். காபி வைத்துக் கொடுத்துவிட்டு, "இதுல பாதி எனக்கு எழுதுனதுங்க. பதினெட்டு வருசமா என் காயிதத்தை நீங்க வெச்சிருந்திருக்கீங்க" என்றாள். இரண்டு நாள் என்னோடு பேச்சு இல்லை. நானும் போய்ப் பேசவில்லை. அந்த இரண்டு நாளில் அந்தத் தொண்ணூற்று நான்கு பதிலையும் எடுத்துவிட்டு உன் மெயிலை மட்டும் அனுப்பலாமா என்று நினைத்தது உண்மை, ஒரு பட்டனில் முடிகிற வேலை. செய்யவில்லை. போர் போட்டுத் தண்ணீர் வராத பாயிண்ட்டையும் ரிப்போர்ட்டில் எழுதத்தான் வேண்டும், எழுதாமல் விட்டால் அடுத்தவன் அதே இடத்தில் வந்து துளை போடுவான். ஆகவே பென்டிரைவிலிருந்து எதுவும் எடுக்கப்படவில்லை, சேர்க்கப்படவும் இல்லை. நீ ஒரு பதிலும் போடவில்லை என்றாய். தொண்ணூற்று நான்கு போட்டிருக்கிறேன், நீயே படித்துப் பார்த்து அதை என்னவென்று வேண்டுமானாலும் சொல்லிக்கொள். நான் தர்க்கம் செய்ய மாட்டேன்.

மூன்றாம் நாள் அம்மாவே வந்து எதிரில் உட்கார்ந்தாள். மோனிஷா பிறந்த ஐப்பசியில் நீ மூன்று தடவை ஒரே விஷயத்தைக் கேட்டிருக்கிறாய். "பாப்பா சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சா எட்டு மணி வரைக்கும் அழுவுறா, டாக்டர் ஒண்ணுமில்லைங்கறாரு, நான் சின்னதுல இப்படி அழுவனா, அம்மா என்ன பண்ணுச்சுன்னு கேட்டுச் சொல்லுங்க அப்பா" என்று. அதற்குப் பதில் எழுதச் சொன்னாள். மோனிஷா இப்போது குழந்தை இல்லை, அவள் கார் ஓட்டுகிறாள் என்றேன். "அவ எதை வேணா ஓட்டட்டும். கேட்டது எம்புள்ள, பதில் நாந்தான் சொல்லோணும், நீங்க எழுதுங்க, நடுவுல எதையும் உடாம எழுதுங்க" என்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சாமி, நீயும் அப்படித்தான் அழுவ. அஞ்சு மணி ஆச்சுன்னா ஊடு ரெண்டாகும். தாலாட்டுப் பாடுனாலும் அடங்க மாட்ட, பாட்டை நிறுத்துனாலும் அடங்க மாட்ட. ஒரு நாளு தூக்கிட்டு ரோட்டுல நடக்கையில உங்கப்பன் வேலை பாத்த ஒர்க்சாப்புல யாரோ கம்ப்ரசரை ஓட்டிப் பாத்துட்டு இருந்தாங்க. காது கிழியுற சத்தம். நீ கப்புனு நிறுத்திட்டுத் தூங்கிட்ட. அதுல இருந்து தெனமும் அஞ்சு மணிக்கு ஒர்க்சாப்பு கேட்டுகிட்டப் போயி நிப்பேன். கம்ப்ரசரு ஓடுனா நிப்பேன், ஓடலீன்னா ஓடுற வரைக்கும் நிப்பேன். உனக்குச் சத்தம் ஆவாததில்ல சாமி, சத்தம் இல்லாததுதான் ஆவல. எம்பேத்தியும் உன்னாட்டந்தான் இருக்கும். அங்க கம்ப்ரசருக்கு எங்க போவ, மிக்சியை ஓட்டிப் பாரு. ஒரு ஆறு மாசம், அப்பறம் தன்னால சரியாயிரும். நீ ஒண்ணும் தப்பு பண்ணல, பயப்படாத."

இதை எழுதி முடித்ததும் நான் அவளிடம் கேட்டேன், எத்தனை நாள் அப்படி வந்து நின்றாய் என்று. ஒரு மழைக்காலம் முழுக்க என்றாள். நான் அப்போது அந்த ஒர்க்ஷாப்பில் உள்ளே சின்ன அறையில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருப்பேன், ஜன்னல் கேட்டைப் பார்த்துத்தான் இருக்கும். நீங்கள் இரண்டு பேரும் அங்கே நின்றது எனக்குத் தெரியாது, நான் நிமிர்ந்து பார்த்ததில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் தொப்பி இல்லாமல் வேலைத் தளத்துக்குப் போகாதே. மாப்பிள்ளையையும் மோனிஷாவையும் கேட்டதாகச் சொல். எருமப்பட்டிக் குலசாமியும் எங்கள் இரண்டு பேருடைய மனசும் உன் வீட்டு நிலைப்படியில் எப்போதும் நிற்கும், எந்தக் குறையும் அண்டாது. பென்டிரைவ் வந்ததும் இரண்டு பிரதி எடுத்துத் தனித்தனி இடத்தில் வை, ஒரே இடத்தில் வைக்காதே. இன்னொன்று முக்கியம். அம்மாவுக்கென்று தனியாக ஒரு போன் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், நம்பரைப் பென்டிரைவ் உறையில் எழுதியிருக்கிறேன். அவளே பேசிப் பதிவு செய்து அனுப்பவும், வந்ததைக் கேட்கவும் பழகிவிட்டாள். அவளுக்குச் சொல்ல வேண்டியதை இனி அதில் நேராக அவளுக்கே சொல். என் வழியாக வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அப்பா
காளியண்ணன்